முள்ளந்தண்டும் நாம் சுமக்கும் சுமையும்

விளைமீனோ பாரையோ சாப்பிட்டு முடிந்ததும் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கும் நடுமுள்ளை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். தூரத்தில் ஒரே கம்பி போலத் தெரியும். ஆனால் அது சிறுசிறு துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த கோவை. ஒரு துண்டை மட்டும் பிரித்தெடுத்தால் அதன் இரு முகங்களும் கிண்ணம் போலக் குழிந்திருப்பதையும், மேற்பக்கத்தில் ஒரு சிறிய வளைவு இருப்பதையும், அந்த வளைவின் கீழே ஒரு துவாரம் இருப்பதையும் காணலாம். துண்டுகள் வரிசையாக நிற்கும்போது துவாரங்களும் வரிசையாக நின்று ஒரு குழாய் ஆகின்றன. உயிருள்ள மீனில் அந்தக் குழாயினுள் வெண்மையான ஒரு நரம்பு வடம் மூளையிலிருந்து வால் வரை ஓடும்.

மீன், தவளை, பாம்பு, கோழி, மாடு, மனிதர் ஆகிய எல்லாரிடமும் இந்த அடிப்படை அமைப்பு ஒன்றே. இவற்றைத்தான் பள்ளிப் புத்தகங்கள் முள்ளந்தண்டுளிகள் என்கின்றன. முள்ளந்தண்டுக்கு இரண்டு பெரிய வேலைகள். ஒன்று, உடலைத் தாங்கி அசைய வைப்பது. மற்றது, உள்ளே ஓடும் நரம்பு வடத்தைப் பாதுகாப்பது. புத்தகத்தில் அதன் பெயர் முண்ணாண். ஊர் வழக்கில் முள்ளந்தண்டு வடம். இந்த இரண்டு வேலைகளையும் விளங்கிக் கொண்டால், மூட்டை தூக்கும்போது இடுப்பு ஏன் பிடிக்கிறது என்பதும், பனையால் விழுந்த ஒருவரை அவசரப்பட்டுத் தூக்கக் கூடாது என்று வைத்தியர்கள் ஏன் சொல்கிறார்கள் என்பதும் தாமாகவே விளங்கும். காணியையும் கருவிகளையும் விட்டு வந்து, பிறர் நிலத்தில் நாட்கூலிக்குக் கொத்தும் குடும்பத்துக்கு முதுகு ஒன்றுதான் முதல். அதன் அமைப்பை அறிந்து வைத்திருப்பது வீண் படிப்பு அல்ல.

முள்ளந்தண்டு இல்லாத உயிர்கள் வேறு வழியில் வாழ்கின்றன. நண்டும் இறாலும் ஓட்டை வெளியே அணிந்திருக்கின்றன. ஓடு வளராது, ஆகவே வளரும் காலமெல்லாம் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியது இறுகும்வரை மெத்தென்று கிடக்க வேண்டும். எமது எலும்போ உள்ளேயிருந்து உடலோடு சேர்ந்து வளருகிறது. (இறால் உரிக்கும்போது முதுகில் எடுத்தெறியும் கறுப்புக் கோடு நரம்பு என்று சிலர் சொல்வார்கள். அது குடல். இறாலின் நரம்பு வடம் வயிற்றுப் பக்கமாக ஓடுகிறது.)

வாழும் இடத்துக்கு ஏற்ற முதுகு

மீனின் பாரத்தைத் தண்ணீர் தாங்குகிறது. எனவே அதன் முள்ளந்தண்டு சுமை தாங்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் வளைந்து வாலை வீசினால் போதும். சுறாவிலும் திருக்கையிலும் அது எலும்பாகக்கூட இல்லை. வளையக்கூடிய கசியிழையமாக இருக்கிறது. எமது காதுமடலில் உள்ளதும் அந்த வகைப் பொருள்தான். சுறாக்கறியில் வரும் வட்ட வட்டமான துண்டுகள் அதன் முள்ளந்தண்டின் பகுதிகள். மன்னார்க் கடலில் வாழும் கடற்பசு மீனைப் போலத் தோன்றினாலும் வாலை மேலும் கீழுமாக அடித்தே நீந்துகிறது. காரணம், அது பால் கொடுக்கும் பிராணி. தரையில் நாலு காலில் ஓடிய மூதாதையரின் முதுகு மேலும் கீழுமாகவே வளைந்தது. அந்தப் பழக்கம் கடலுக்குத் திரும்பிய பின்னும் போகவில்லை.

பல பாம்புகளின் முள்ளந்தண்டில் 200க்கு மேற்பட்ட எலும்புகள் உண்டு; மலைப்பாம்பில் 300க்கும் மேல். ஒவ்வொரு மூட்டும் சிறிதளவே அசையும். ஆனால் நூற்றுக்கணக்கான சிறு அசைவுகள் சேர்ந்தால் உடல் வளையமாகச் சுருளும். அந்த மூட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டியிருப்பதால் பாம்பு வளையுமே தவிர முறுகாது. தவளைக்கு இதற்கு நேர்மாறு. அதற்கு ஒன்பது முள்ளந்தண்டெலும்புகளும் பின்னால் ஒரு கோலுமே உண்டு. பாய்ந்து விழும் பிராணிக்கு நீண்ட, ஆடும் முதுகு இடைஞ்சல். கோழியின் கழுத்தில் ஏறக்குறைய 14 எலும்புகள் இருப்பதால் அது தன் வாலடியையும் கோதிக் கொள்கிறது. ஆனால் அதன் முதுகின் பின்பகுதி எலும்புகள் ஒன்றாக ஒட்டிப் பலகை போல இறுகிவிட்டன. எமக்கும் ஆட்டுக்கும் எலிக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தெலும்பு ஏழுதான். கழுத்து நீண்டால் எலும்பின் நீளம் கூடுகிறதே தவிர, எண்ணிக்கை கூடவில்லை.

மாட்டின் முதுகை நாம் தினமும் காண்கிறோம். அது ஒரு பாலம். முன்னங்கால்கள் ஒரு தூண், பின்னங்கால்கள் மற்றைய தூண், நடுவில் முள்ளந்தண்டு. வயிற்றுப்புறத் தசைகள் வில்லின் நாண் போல அதைத் தொய்யவிடாமல் இழுத்துப் பிடிக்கின்றன. கழுத்தில் 7, விலா எலும்புகள் பொருந்தும் நெஞ்சுப் பகுதியில் 13, இடுப்பில் 6, அதன் பின் ஒன்றாக ஒட்டிய 5, வாலில் 18 முதல் 20 வரை எலும்புகள். தோளுக்கு மேலே உள்ள எலும்புகளின் முட்கள் மிக நீளமானவை. அங்கிருந்து தலை வரை மஞ்சள் நிறமான, ரப்பர் போன்ற ஒரு தடித்த நாண் செல்கிறது. இறைச்சி வெட்டுபவர்களுக்கு அது நன்கு தெரியும். அவ்வளவு பாரமான தலையை மாடு களைக்காமல் தூக்கி வைத்திருப்பது அந்த நாணின் உதவியால். எமது மாடுகளின் திமில் எலும்பல்ல, தசை. நுகம் திமிலுக்கு முன்னால் தங்கி நிற்க, மாடு முன்னே தள்ளி இழுக்கிறது. பாலத்தின் நடுவில் பாரத்தை ஏற்றுவதிலும் பார்க்க இது மாட்டுக்கு இலகு. வண்டியை விரைவுபடுத்த வாலை முறுக்குவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: வாலும் முள்ளந்தண்டின் தொடர்ச்சியே. முறுக்கினால் அங்குள்ள எலும்பு விலகும், உடையும்.

பாலம் தூணானபோது

மனிதர் எழுந்து இரண்டு காலில் நின்றபோது அந்தப் பாலம் தூணாக மாறியது. பிறக்கும்போது எமக்கு 33 முள்ளந்தண்டெலும்புகள்: கழுத்தில் 7, நெஞ்சில் 12, இடுப்பில் 5, இடுப்பின் கீழே 5, நுனியில் 4. கடைசி ஒன்பதும் வளர வளர ஒட்டி இரண்டு எலும்புகளாவதால் பெரியவர்களில் 26 என்று எண்ணுவார்கள். கழுத்தின் முதலாவது எலும்பின் மேல் தலை முன்னும் பின்னும் ஆடுகிறது. அது ‘ஓம்’ என்னும் அசைவு. இரண்டாவதன் மேல் தலை இடமும் வலமும் திரும்புகிறது, அது ‘இல்லை’. இரண்டும் இல்லாமல் நம்மவர் பக்கவாட்டில் தலையை ஆட்டுவதற்குக் கீழேயுள்ள கழுத்தெலும்புகளின் உதவியும் வேண்டும்.

தூண் என்றாலும் அது நேரான தூண் அல்ல. குழந்தையின் முதுகு பிறக்கும்போது ஒரே வளைவாக இருக்கும். தலை நிமிரும்போது கழுத்தில் ஒரு வளைவும், நடக்கப் பழகும்போது இடுப்பில் இன்னொரு வளைவும் உருவாகின்றன. இந்த வளைவுகள் நடக்கும்போதும் குதிக்கும்போதும் ஏற்படும் அதிர்ச்சியை வண்டியின் வில்லுத்தகடு போல வாங்கிக் கொள்கின்றன.

எலும்புக்கும் எலும்புக்கும் இடையில் ஒரு தட்டு இருக்கிறது. மொத்தம் 23 தட்டுகள். ஒவ்வொன்றையும் ஒரு சைக்கிள் ரயர் என்று வைத்துக் கொள்ளலாம். வெளிப்புறம் பல அடுக்கு நார்களால் ஆனது. ஒரு அடுக்கு நார் இடம் சாய்ந்தால் அடுத்த அடுக்கு வலம் சாய்ந்திருக்கும். உள்ளே காற்றுக்குப் பதிலாக நுங்கு போன்ற ஒரு பொருள்; இளவயதில் அதன் பெரும்பகுதி தண்ணீர். பாரம் ஏறும்போது நுங்கு அமுங்கி நார்களைச் சுற்றிவர இழுக்கிறது. பகல் முழுதும் இப்படி அமுங்குவதால் தட்டுகள் கொஞ்சம் தண்ணீரை இழக்கின்றன. மாலையில் எமது உயரம் காலையிலும் பார்க்க ஒரு சென்ரிமீற்றர் அல்லது அதற்குச் சற்று அதிகம் குறைந்திருக்கும். இரவு படுத்திருக்கும்போது தண்ணீர் திரும்ப ஊறுகிறது. பெரியவர்களின் தட்டுகளுக்குள் இரத்தக்குழாய் செல்வதில்லை. பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வருவதுதான் அவற்றின் உணவு. உடல் அசைந்து கொண்டிருப்பது இந்தத் தட்டுகளுக்கு நல்லது. சுருட்டும் பீடியும் அந்தக் கசிவைக் குறைக்கின்றன.

இனித் தசைகள். கூடாரம் அடித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நடுக்கம்பம் நிற்பது தன் பலத்தால் மட்டுமல்ல. நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கயிறுகளால். முதுகுத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் அந்தக் கயிறுகள். ஒரு பக்கக் கயிறு தளர்ந்தால் கம்பம் சாயும், மற்றப் பக்கக் கயிறு அளவுக்கு மீறி இழுபடும்.

பத்து லீற்றர் வாளியின் கணக்கு

அலவாங்கால் கல் கிளப்பும்போது நீண்ட பக்கத்தைப் பிடித்து அழுத்தினால் குறுகிய பக்கத்தில் பெரிய விசை கிடைக்கிறது. எமது இடுப்பில் இதே அலவாங்கு தலைகீழாக வேலை செய்கிறது. முதுகுத் தசை இடுப்புத் தட்டின் நடுவிலிருந்து ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் பின்னால் இருக்கிறது. அது குறுகிய பக்கம். கையில் உள்ள வாளி 50 சென்ரிமீற்றர் முன்னால் இருந்தால் அது நீண்ட பக்கம். ஆகவே 10 கிலோ நிறையுள்ள பத்து லீற்றர் வாளியைச் சமப்படுத்தத் தசை 100 கிலோ விசையோடு இழுக்க வேண்டும். குனிந்திருக்கும்போது தலை, கை, மார்பு ஆகியவற்றின் பாரத்தையும் அதே தசையே பிடிக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்து இடுப்பின் கடைசி இரண்டு தட்டுகளைத்தான் நெரிக்கின்றன.

இது வெறும் கணக்கு அல்ல. ஜேர்மனியில் ஒரு தொண்டரின் இடுப்புத் தட்டுக்குள் மெல்லிய அழுத்தமானியை வைத்து அளந்த ஆய்வொன்று 1999 இல் வெளியானது. நிமிர்ந்து நிற்கும்போது உள்ள அழுத்தத்தை ஒரு பங்கு என்று கொண்டால், படுத்திருக்கையில் அது ஐந்தில் ஒரு பங்கு. 20 கிலோ நிறையை முதுகை வளைத்துக் குனிந்து தூக்கியபோது நாலரைப் பங்கு. முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்துத் தூக்கியபோது ஏறக்குறைய மூன்றரைப் பங்கு. அதே 20 கிலோவை நின்றபடி உடலோடு அணைத்துப் பிடித்தபோது இரண்டு பங்குக்குச் சற்று மேல். உடலிலிருந்து தள்ளிப் பிடித்ததும் அது மீண்டும் மூன்றரைப் பங்குக்கு ஏறியது. முழங்காலை மடி என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் அதிலும் முக்கியம் சுமையை உடலோடு ஒட்டி வைத்திருப்பது என்று இந்த அளவுகள் காட்டுகின்றன.

அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991 இல் திருத்திய கணக்கின்படி, எல்லா வசதியும் இருந்தாலும் ஒருவர் கையால் தூக்கும் பாரம் 23 கிலோவைத் தாண்டக் கூடாது. எமது சீமெந்துப் பையும் உரப் பையும் 50 கிலோ. கூலிக்குப் போனவர் ‘நான் 23 கிலோதான் தூக்குவேன்’ என்று சொல்ல முடியாது என்பது எமக்குத் தெரியும். ஆயினும் செய்யக்கூடியவை உண்டு. முதலாவது, பையை நிலத்தில் போடாதிருப்பது. லொறியின் தட்டிலிருந்து நேரே தோளுக்கு எடுப்பதும், வீட்டிலும் கொட்டிலிலும் பைகளை இடுப்பு உயரத் தட்டில் அடுக்குவதும் குனிந்து தூக்கும் வேலையையே இல்லாமற் செய்துவிடும். நாலு கட்டையும் இரண்டு பலகையும் போதும். நிலத்தில் இருக்கும் பையை இரண்டு பேர் தூக்க வேண்டும். தூக்கிய பின் இடுப்பை முறுக்கித் திரும்பாமல் காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். வளைந்து முறுகும்போதுதான் தட்டின் நார்கள் கிழிகின்றன.

தண்ணீர் எடுக்கும் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே இடுப்பில் ஒரே பக்கம் குடத்தை வைத்துத் தூரம் நடந்தால் முள்ளந்தண்டு ஒரு பக்கம் சாய்ந்து, மற்றப் பக்கத் தசை வழிநெடுக இழுபடும். ஒரு பெரிய பாத்திரத்துக்குப் பதிலாக இரு கைகளிலும் இரு சிறிய வாளிகள் நல்லது. காவுதடியின் இரு முனையிலும் தொங்கவிடுவது அதிலும் நல்லது. எல்லாவற்றிலும் நல்லது சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவது. வீட்டில் சைக்கிள் இருந்தும் அது ஆண்களுக்கு, குடம் பெண்களுக்கு என்று பிரித்து வைத்திருப்பதற்கு முள்ளந்தண்டில் ஒரு நியாயமும் இல்லை. கிணற்றில் ஒரு கப்பி பூட்டினால் குனிந்து மேலே இழுக்கும் வேலை, நிமிர்ந்து கீழே இழுக்கும் வேலையாக மாறும். மண்வெட்டிப் பிடி கட்டையாக இருந்தால் நாள் முழுக்க மடிந்து நிற்க வேண்டும். வாங்கும்போதே உங்கள் உயரத்துக்கு ஏற்ற நீளமான பிடியைப் போடுவியுங்கள்.

காலையில் எழுந்த முதல் ஒரு மணித்தியாலத்தில் தட்டுகள் இரவில் ஊறிய தண்ணீரால் விறைத்திருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் அவற்றில் விழும் இழுவை அதிகம். விடியற்காலையில் முதலில் ஆடு மாட்டை அவிழ்த்துக் கட்டுவது, நடந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பது போன்ற வேலைகளை முடித்துவிட்டு, புல் பிடுங்குவதையும் மூட்டை தூக்குவதையும் பிறகு வைத்துக் கொள்ளலாம்.

எல்லா முதுகு நோவும் ஒன்றல்ல. பெரும்பாலானவை தசையும் நாரும் இழுபட்டதால் வருபவை. சில வாரங்களில் மாறும். இதற்குப் பாயில் படுத்தே கிடப்பது முன்னர் சொல்லப்பட்ட வைத்தியம். இன்று வைத்தியர்கள் இயன்றளவு நடமாடும்படியே சொல்கிறார்கள். தட்டின் நார் கிழிந்து உள்ளிருக்கும் பொருள் பிதுங்கி நரம்பை நெரித்தால், நோவு பிட்டத்திலிருந்து தொடை வழியாக முழங்காலுக்குக் கீழேயும் இறங்கும். நோவுடன் கால் சோர்ந்தாலோ, சிறுநீர் வெளியேறுவது அடைபட்டாலோ தானாகக் கழிந்தாலோ, இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப் போனாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாளை பார்ப்போம் என்றால் காலின் பலம் திரும்பாமற் போகலாம். வாரக்கணக்கில் மாறாத நோவோடு காய்ச்சலும் இரவு வியர்வையும் உடல் மெலிவும் இருந்தால் அது முள்ளந்தண்டில் பிடித்த காசநோயாக இருக்கலாம். நெருக்கமாக வாழும் இடங்களில் இதை மறக்கக் கூடாது. அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் காசநோய்க்கு இலவசமாக மருந்து கொடுக்கிறார்கள்.

விழுந்தவரைத் தூக்குமுன்

இப்போது முள்ளந்தண்டின் இரண்டாவது வேலைக்கு வருகிறோம். முண்ணாண் சுண்டுவிரல் அளவு தடிப்புள்ளது. தலையோட்டின் அடியிலிருந்து இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது எலும்பு வரை செல்கிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால் போலப் பிரிந்து இறங்குகின்றன. மொத்தம் 31 சோடி நரம்புகள் எலும்புகளின் இடைவெளிகளால் வெளியேறிக் கைக்கும் காலுக்கும் உடலுக்கும் போகின்றன. வெட்டுப்பட்ட தோல் வளரும், உடைந்த எலும்பு பொருந்தும். முண்ணாண் அறுந்தால் மீண்டும் இணைவதில்லை. எந்த இடத்தில் அறுந்ததோ அதற்குக் கீழே உணர்வும் அசைவும் நின்றுவிடும். நெஞ்சு மட்டத்தில் என்றால் கால்கள் போகும். கழுத்து மட்டத்தில் என்றால் கைகளும் போகும். கழுத்தின் மேற்பகுதி என்றால் மூச்சே நிற்கும். 2009 இல் முடிந்த யுத்தத்தில் ஷெல் துண்டுகளாலும் துப்பாக்கிச் சூட்டாலும் இப்படி ஆனவர்கள் எம் கிராமங்களில் இன்றும் வாழ்கிறார்கள். பனை, தென்னை, கூரை, கிணறு ஆகியவற்றில் விழுவதால் இன்றும் புதிதாகச் சிலர் அந்த நிலைக்கு வருகிறார்கள்.

விழுந்தபோது எலும்பு உடைந்திருக்கலாம். ஆனால் உள்ளே முண்ணாண் தப்பியிருக்கலாம். அந்த வேளையில் ஒருவர் தோளிலும் ஒருவர் காலிலும் பிடித்துத் தூக்கினால் முதுகு நடுவில் மடியும். முச்சக்கரவண்டியில் உட்கார வைத்தாலும் அப்படியே. உடைந்த எலும்பின் விளிம்பு அப்போதுதான் முண்ணாணை நசுக்கும். உதவிக்கு ஓடி வந்த கைகளாலேயே ஒருவர் நடக்கும் பலத்தை இழப்பது இப்படித்தான்.

ஆகவே விழுந்தவரை விழுந்த இடத்திலேயே வைத்திருங்கள். மூச்சு வருகிறதா என்று முதலில் பாருங்கள். இரத்தம் ஓடினால் துணியால் அழுத்துங்கள். உட்கார வைக்க வேண்டாம், தண்ணீர் பருக்க வேண்டாம். கை, கால் விரல்களை அசைக்கச் சொல்லிக் கேளுங்கள்; அசைத்தாலும் எழும்ப விடாதீர்கள். ஒருவர் தலைமாட்டில் முழங்காலில் இருந்து இரு கைகளாலும் தலையை நேராகப் பிடித்திருக்க வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016 இல் தொடங்கிய அந்தச் சேவை 2018 இல் வட மாகாணத்துக்கும் வந்தது. அம்புலன்ஸ் வர முடியாத இடமாயின் கதவு ஒன்றைக் கழற்றி எடுங்கள். தலையைப் பிடித்திருப்பவர் சொல்லும் சொல்லுக்கு, மற்ற மூவர் தோள், இடுப்பு, கால் ஆகியவற்றைப் பிடித்து, மரக்குற்றியை உருட்டுவது போல உடல் முழுவதையும் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் திருப்ப வேண்டும். கதவை முதுகோடு சேர்த்து வைத்து அப்படியே திரும்ப மல்லாக்காக உருட்டுங்கள். தலையின் இரு பக்கமும் மண் நிரப்பிய சிறு பைகளையோ சுருட்டிய சாரத்தையோ வைத்து, உடலைக் கதவோடு சேலையால் கட்டி, லான்ட்மாஸ்டர் பெட்டியிலோ லொறித் தட்டிலோ மெதுவாகக் கொண்டு செல்லலாம்.

வைத்தியசாலையிலிருந்து கால் உணர்வில்லாமல் வீடு திரும்புபவருக்கு முதல் எதிரி படுக்கைப் புண். உணர்வு இல்லாததால் நோவு தெரியாது. எலும்பு முட்டும் இடத்தில் சில மணித்தியாலத்திலேயே தோல் அழுகத் தொடங்கும். படுத்திருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும், இரவிலும். குதிக்கால், இடுப்பெலும்பு, பிட்டம் ஆகியவற்றைத் தினமும் பார்த்து, சிவப்பு மாறாத இடத்தில் மேலும் பாரம் படாமல் வைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் அடிக்கடி கைகளை ஊன்றி உடலைத் தூக்கி இறக்க வேண்டும். அப்படி வாழ்பவர்கள் கோழி வளர்க்கிறார்கள், கடை நடத்துகிறார்கள், உயர்த்திய பாத்தியில் கத்தரியும் மிளகாயும் வைக்கிறார்கள். வீட்டுக்குள் அவர் தனியே போய்வர வேண்டுமாயின் வாசற்படியை இடித்துச் சரிவு அமையுங்கள்: படி ஒரு அடி உயரம் என்றால் சரிவு பன்னிரண்டு அடி நீளம்.